மோவாய் ரோமமும் மின்னூசியும்

உள்ளங்கை, உள்ளங்கால், உதடு முதலிய சில இடங்கள் நீங்கலாக மனித சரீரம் முழுவதிலும் ரோமம் முளைக்கின்றது. இஃது இயற்கையின் ஏற்பாடு. ஆணுக்கும் பெண்ணுக்கும் இதில் உள்ள வேற்றுமை அளவைப் பற்றியதே. ஆயினும் நமது சமூகம் இச்சிறு வேற்றுமையைக் கொண்டு எவ்வளவு பெரிய வழக்கை எழுப்பிவிட்டது! ஆடவனுக்கு மேலுதட்டில் ரோமம் அடர்ந்தால் அதனை முறுக்கிவிட்டு வீரம் என்கிறோம். அதே வயிற்றில் பிறந்த பெண்ணின் மோவாயில் பத்து ரோமம் கறுத்துத் தோன்றினால், அவள் கதவைத் தாழிட்டுக்கொண்டு கண்ணாடி பார்க்க வேண்டியவளாகிறாள். இத்தகைய விஷயத்தைப் பத்திரிகையில் எழுதலாமா என்று வினவும் அன்பர்கள் இருப்பார்கள். எழுதாமலும் பேசாமலும் இருந்ததனால் விளைந்த கேட்டை எம் வீட்டிலேயே கண்ட பிறகுதான் இதனை எழுதத் துணிந்தோம்.

செம்பவாங் என்பது சிங்கப்பூரின் வடகோடியில் ஜோகூர் நீரிணையை நோக்கியிருக்கும் வட்டாரம். முன்னாளில் அங்கிருந்த ரப்பர் தோட்டங்களும், 1938ஆம் ஆண்டில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரால் திறக்கப்பட்ட கப்பல் பழுதுபார்க்கும் துறையும் நம்மவர் பலருக்குச் சோறிட்டன. இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்துள்ள அவ்வட்டாரத்தில் எம் தமக்கையார் குடும்பம் வசிக்கின்றது. அவர் மகளுக்கு வயது 24. அலுவலகம் ஒன்றில் கணக்கு வேலை பார்க்கிறாள். அவளுக்குப் பள்ளிப் பருவத்திலேயே மோவாயிலும் கழுத்திலும் தடித்த ரோமம் முளைக்கத் தொடங்கிற்று. சனிக்கிழமைதோறும் ரயிலேறி, நியூட்டனில் வண்டி மாறி, தேக்காவுக்குச் சென்று, நூலால் ரோமம் பறித்துக்கொண்டு திரும்புவாள். புதன்கிழமைக்குள் அது மறுபடி முளைவிடும். பேசும்போது இடக்கை தானாகவே மோவாய்க்குப் போய்விடும். கலியாண வீடுகளில் படம் எடுக்கும் வேளையில் அவளைத் தேடினாலும் காண முடியாது.

"பெண் பார்க்க வருமுன் இதற்கு ஒரு முடிவு கட்டிவிட வேண்டும்" என்பது தமக்கையாரின் கவலை. அக்கவலை அவரை நகரத்திலுள்ள ஓர் அலங்கார நிலையத்துக்கு அழைத்துச் சென்றது. அதன் பெயர் இங்கே வேண்டா. மூன்றே முறையில் ரோமம் அடியோடு ஒழியும் என்றார்கள். பணம் முழுவதையும் முன்னதாகவே பெற்றுக்கொண்டார்கள். மாதவிலக்கு ஒழுங்காக உண்டா, மருந்து ஏதேனும் உட்கொள்கிறாயா, அண்மையில் வெயிலில் அலைந்தாயா என்று ஒரு வார்த்தை கேட்டாரில்லை. ஒளிக்கருவியை முகத்தில் ஓட்டினார்கள். இரண்டாம் முறை முடிந்து வீடு திரும்பியபோது மோவாயின் இருபுறமும் சூடுபட்டதுபோற் சிவந்திருந்தது. சிவப்பு ஆறியபின் கருந்திட்டுக்கள் நின்றுவிட்டன. ரோமமோ இரண்டே மாதத்தில் திரும்பி வந்தது. மகள் அழுதாள். தாய் தலைவிதி என்று சொல்லிப் பெருமூச்செறிந்தார்.

தலைவிதிக்கு இதில் வேலையில்லை. லேசர் ஒளி ரோமத்திலுள்ள கருநிறப் பொருளைப் பற்றிச் சூடாக்கி, அச்சூட்டினால் வேரைத் தாக்குகின்றது. நம்மவர் தோலிலும் அதே கருநிறப் பொருள் நிறைந்திருப்பதால், தக்க கருவியைத் தக்க அளவில் கையாளாவிட்டால் ரோமத்தோடு தோலும் வேகும். 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் கருமையான தோலுக்கு மற்றவற்றைவிடப் பொருந்தியதென்பது வைத்தியர்களின் கருத்து. கைதேர்ந்தவரிடம் அது நற்பயன் தருவதும் உண்டு. ஆயினும் நரைத்த ரோமத்தை அவ்வொளியால் ஒன்றும் செய்ய இயலாது. சில பெண்களுக்கு முகத்தில் ரோமம் முன்னிலும் மிகுந்துவிடுவதையும் வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். அமெரிக்க அரசாங்கத்தின் உணவு மருந்து நிர்வாகம் லேசருக்கு 'நிரந்தரக் குறைப்பு' என்ற பெயரை மாத்திரமே அனுமதிக்கின்றது. 'நிரந்தர நீக்கம்' என்ற பெயர் எலெக்ட்ராலிஸிஸ் என்னும் மின்னூசி முறைக்கே உரியது. நாம் இனிக் கூறப்போவது அம்முறையைப் பற்றியே.

மின்னூசி பிறந்தது அழகுக்காக அன்று; கண்ணுக்காக. அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரத்துக் கண் வைத்தியரான சார்லஸ் மிஷெல் என்பவரிடம், இமைமயிர் உட்புறமாகத் திரும்பி வளர்ந்து கருவிழியை உராய்ந்து வருத்தும் நோயாளிகள் வந்தார்கள். பறித்தால் மறுபடி முளைத்தது. ஆதலின் மெல்லிய ஊசியை ரோமக்குழிக்குள் செலுத்தி மின்சாரத்தைப் பாய்ச்சி வேரை அழித்தார்; அம்முறையை 1875ஆம் ஆண்டில் வெளியிட்டார். சில ஆண்டுகளுக்குள் அதே நகரத்துத் தோல் வைத்தியர் ஹார்டவே அதனை முகரோமத்துக்குக் கையாளலானார். 1920களில் பிரான்சு தேசத்து லியோன் நகரத்தைச் சேர்ந்த போர்டியே என்பவர் உயர் அதிர்வு மின்சாரத்தின் வெப்பத்தால் வேரை அழிக்கும் வழியைக் கண்டார். 1940களில் இவ்விரு வழிகளையும் ஒன்றாய்க் கலந்த கருவி அமெரிக்காவில் தோன்றிற்று. இம்மூன்று வழிகளே இன்றளவும் வழங்கி வருகின்றன.

இதற்கிடையில் நாணத்தை முதலாக வைத்து வியாபாரம் செய்தவர்களின் சரித்திரமும் ஒன்று உண்டு. 1920களில் டிரைக்கோ என்ற பெயரால் எக்ஸ்ரே கதிரை முகத்தில் பாய்ச்சி ரோமத்தை உதிர்க்கும் நிலையங்கள் அமெரிக்க நகரங்களில் கிளம்பின. வலியில்லை என்று பெண்கள் திரண்டார்கள். அவர்களுள் பலருக்குத் தோல் சுருங்கிப் புண்ணாகி, ஆண்டுகள் சென்றபின் புற்றுநோய் கண்டது. 1930களின் தொடக்கத்தில் கோரெம்லு என்றொரு களிம்பு விற்பனைக்கு வந்தது. எலிக்கு வைக்கும் விஷமாகிய தாலியம் அதில் கலந்திருந்தது. பூசிய பெண்களிற் சிலர் பார்வை மங்கினார்கள். சிலர் கால் விளங்காமற் போனார்கள். மேனாட்டாரை மாத்திரம் சொல்வானேன்? சங்குச் சுண்ணத்தோடு அரிதாரத்தை அரைத்துப் பூசி ரோமம் களையும் முறை சுசுருத சங்கிதையிலேயே இருக்கின்றது. அரிதாரமாவது பாஷாணம். மறைவில் வாங்கி மறைவில் பூசிக்கொள்ளும் பொருளைப் பற்றி யாரும் யாரையும் விசாரிப்பதில்லை. விற்பவனுக்கு அதைவிட வேறு என்ன அநுகூலம் வேண்டும்?

நிற்க. மின்னூசி வேலை செய்யும் விதத்தைத் தமக்கையாரின் கணவர் தம் மகளுக்கு எளிதாக விளக்கினார். அவர் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடல்நீரில் கிடக்கும் கப்பலின் இரும்புத் தகடு அரிக்காமலிருக்கத் துத்தநாகக் கட்டிகளை அடிப்பாகத்தில் பொருத்துவதும், அக்கட்டிகள் தாம் கரைந்து இரும்பைக் காப்பதும் அவர் கண்ட அன்றாட வேலை. "உப்புத் தண்ணீரும் மின்சாரமும் கூடினால் இரும்பே நிற்பதில்லை, ஒரு ரோம வேர் எம்மாத்திரம்?" என்றார். உண்மையும் அதுவே. நமது உடலின் ஈரத்தில் உப்பு இருக்கின்றது. ஊசி எதிர்முனையாக ரோமக்குழியில் இறங்குகின்றது. நேர்முனையை நாம் கையிற் பிடித்துக்கொள்கிறோம். மிகச் சிறிய அளவில் மின்சாரம் பாயும்போது, உப்பும் நீரும் பிரிந்து, சவுக்காரத் தொழிலாளர் அறிந்த காஸ்டிக் சோடா அக்குழிக்குள்ளேயே ஒரு துளியினும் துளியாக உண்டாகி வேரைக் கரைத்துவிடுகின்றது. முனைகளை மாற்றி இணைத்துவிட்டால் ஊசியின் இரும்பு அரித்துத் தோலிற் பச்சை குத்தினாற்போல் நிரந்தரக் கரும்புள்ளி விழும். இரண்டாவது முறையில் காரம் இல்லை, வெப்பம் மாத்திரமே. அது விரைவானது. மூன்றாவது, இரண்டும் கலந்தது. வளைந்த வேருக்கும் தடித்த ரோமத்துக்கும் ஏற்றது. எம்முறையாயினும் ஊசி தோலைத் துளைப்பதில்லை. ரோமம் வெளிவரும் இயற்கையான வாயில் வழியே, ரோமத்தை ஒட்டி உள்ளே செல்கின்றது.

இனி ஆயத்தத்தைப் பற்றிக் கூறுவோம். முதல் ஆயத்தம் வைத்தியரிடம் செல்வது. சினைப்பை நீர்க்கட்டி என்றும் பி.சி.ஓ.எஸ். என்றும் வழங்கும் குறையினால் பெண்ணுடலில் ஆண்ட்ரோஜன் என்னும் சுரப்பு மிகுந்து, முகத்தில் ரோமம் தடிப்பதுண்டு. 1935ஆம் ஆண்டில் சிகாகோ நகரத்து ஸ்டைன், லெவந்தால் என்ற இரு வைத்தியர்கள் இதனை விவரித்தார்கள். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் 100க்கு 8 முதல் 13 பேருக்கு இஃது இருக்கலாம் என்றும், அவர்களிற் பெரும்பாலோர் அதனை அறியாமலே இருக்கின்றனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறியிருக்கின்றது. இதனைக் கவனியாது விட்டால் நீரிழிவும் பிள்ளைப்பேற்றில் தடையும் தொடர்ந்து வரக்கூடும். ரோமம் திடீரென்று பெருகினாலோ, குரல் தடித்தாலோ ஒரு நாளும் தாமதிக்கலாகாது. உள்ளிருக்கும் காரணத்தைக் கவனியாமல் ஊசியை மாத்திரம் நாடினால், ஒரு வேர் அழிய மற்றொரு வேர் தடித்துக்கொண்டே இருக்கும்.

தோல் வைத்தியரின் அறையில் அன்று நாமும் உடனிருந்தோம். "குடும்பத்தில் வேறு யாருக்கேனும் உண்டா?" என்று அவர் வினவினார். தமக்கையார் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு தலையைக் குனிந்தவாறே, "எனக்கும் உண்டு, டாக்டர். எங்கள் அம்மாவுக்கும் இருந்தது" என்றார். ஜோகூரில் தோட்டத்தில் பால் வெட்டிய எம் அன்னையார், விடியுமுன், பெரட்டுக்குப் புறப்படும் முன், அடுப்புச் சாம்பலை விரலில் தொட்டு மோவாய் ரோமத்தைப் பறித்துக்கொள்வாராம். மூத்த மகளாகிய தமக்கையார் ஒருநாள் அதனைப் பார்த்துவிட்டார். யாரிடமும் சொல்லாதே என்று அன்னையார் சத்தியம் வாங்கிக்கொண்டாராம். அச்சத்தியத்தை அவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காத்துவிட்டார். உடன்பிறந்த நாமும் அன்றுதான் அறிந்தோம். மருமகள் தன் தாயை அப்படியொரு பார்வை பார்த்ததை நாம் அதற்கு முன் கண்டதில்லை. "நான் மட்டும்தான் இப்படி என்றல்லவா அம்மா இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்" என்றாள்.

இரண்டாவது ஆயத்தம் கடினமானது. நூலாலும், மெழுகாலும், இடுக்கியாலும் பறிப்பதைச் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். பறித்த குழியில் ரோமம் இல்லை. ரோமமே ஊசிக்கு வழிகாட்டி. ஓயாமல் பறிப்பதால் வேர் வளைந்தும் போகின்றது. இடையில் கத்தரிக்கலாம், சவரம் செய்யலாம், வேர் கெடாது. ஆனால் ஊசிக்கு அமரும் நாளன்று இடுக்கியாற் பிடிக்கும் அளவுக்கேனும் ரோமம் வளர்ந்திருக்க வேண்டும். ஏறக்குறைய மூன்று நாள் வளர்ச்சி தேவை.

"மூன்று நாள் இந்த முகத்தோடு ஆபீஸ் போவதா, சின்னம்மா?" என்று மருமகள் கேட்டாள். எட்டு ஆண்டுகளாக எதனை ஒருவரும் காணாமல் காத்தாளோ, அதனை எல்லாரும் காண விட்டாலன்றி வேரை அணுக முடியாது. முதல் நாள் முகக்கவசம் அணிந்து சென்றாள். இரண்டாம் நாளும் அணிந்தாள். மூன்றாம் நாள் உணவு வேளையில் அதனைக் கழற்றித்தானே ஆக வேண்டும்? கழற்றினாள். எவரும் ஒன்றும் கேட்கவில்லை. மாலையில் மலாய்க்காரத் தோழி ஒருத்தி தனியே அழைத்து, "எனக்கும் இந்தத் தொல்லை இருக்கிறது; நீ எந்த டாக்டரிடம் போகிறாய்?" என்று கேட்டாளாம். அன்றிரவு எமக்குத் தொலைபேசியில் இதனைச் சொன்னபோது அவள் குரலில் இருந்த தெளிவு எமக்கு மிகவும் மகிழ்ச்சி தந்தது.

ஏனைய ஆயத்தங்கள் எளியவை. அமருமுன் முகத்தில் மஞ்சள், எண்ணெய், பவுடர் ஒன்றும் இருக்கலாகாது. முதல் நாளே நீர் நிறையப் பருகுவது நன்று. ஈரமுள்ள தோலில் மின்சாரம் நன்கு செல்லும். வெயிலில் கறுத்த முகத்தோடு போகலாகாது. இருதயத்தில் மின்கருவி பொருத்தப்பட்டவர், கருவுற்றவர், நீரிழிவுடையார், காயம் பட்டால் தழும்பு தடித்து வளரும் இயல்புடையார், பருவுக்காக ஐசோட்ரெடினாயின் மாத்திரை உட்கொள்பவர் ஆகியோர் அதனை முதலிலேயே தெரிவித்து வைத்தியரின் சம்மதம் பெற வேண்டும். வலி பொறாதவர் மரப்புக் களிம்பைப் பற்றி வைத்தியரைக் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் முன்பாக, காதோரத்தில் நாலைந்து ரோமத்தை மாத்திரம் எடுத்துச் சில வாரம் பொறுத்துத் தோல் எவ்வாறு ஆறுகின்றது என்று பார்த்துக்கொள்வது நம் நிறத்தவர்க்கு மிக அவசியம். ஊசி நம் கண்முன்னே புதிய உறையிலிருந்து எடுக்கப்பட வேண்டும். நன்றாகச் செய்த ரோமம், சேற்றிலிருந்து நாற்று வருவதுபோல் இழுக்காமலே வழுகி வரும். பறிக்கும் வலி தெரிந்தால் வேர் அழியவில்லை என்று கொள்க.

முடிந்தபின் குளிர்ந்த துணியை ஒற்றி, ஒன்றிரண்டு நாள் விரல் படாமல் விட வேண்டும். சிறு பொருக்குக் கட்டினால் உரிக்கலாகாது. அண்டை வீட்டு மூதாட்டி ஒருவர் செம்பவாங் வெந்நீரூற்றின் நீரை முகத்தில் ஊற்றினால் எல்லாம் ஆறிவிடும் என்று அன்போடு யோசனை கூறினார். 1909ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டு, 2020ஆம் ஆண்டில் பூங்காவாகத் திருத்தித் திறக்கப்பட்ட அவ்வூற்றின் நீர் ஏறக்குறைய 70 பாகை வெப்பமுள்ளது. அங்கே முட்டை அவிப்பவர்களையும் காணலாம். காலை நனைக்க அது தக்கதே, ஆறவிட்டால். ஊசி பட்ட முகத்துக்கு வெந்நீரும் வெயிலும் ஆகா. நம் தோலில் தோன்றும் பழுப்பு நிறம் மறைய வாரங்களும், சிலருக்கு மாதங்களும் ஆகும்.

எத்தனை முறை செல்ல வேண்டும் என்று கேட்பீர்கள். ரோமங்கள் எல்லாம் ஒரே காலத்தில் வளர்வதில்லை. சில வளரும், சில உதிரும், சில உறங்கும். உறங்குவது விழித்து வந்த பிறகே அதன் வேரைத் தொடலாம். மோவாய்க்கு ஓராண்டு முதல் ஈராண்டு வரை ஆகக்கூடும். தோட்டத்துச் சகோதரிகளுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பால் மரத்தில் கத்தி ஆழமாகப் போனால் மரம் காயப்படும். மேலோடு போனால் பால் வராது. வெட்டிய பட்டைக்கு ஆற நாள் கொடுக்க வேண்டும். ஊசிக்காரரின் கைக்கும் இதே கணக்குத்தான். ஆதலால் நெருங்கிய ரோமங்களை ஒரே நாளில் எடுக்காமல் இடைவிட்டு எடுப்பவரே நல்ல கைக்காரர்.

சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில், மாடியறை ஒன்றில் மருமகள் ஊசிக்கு அமர்கிறாள். அங்கே காத்திருக்கும் பலகையில் ஒருநாள் திருநங்கை ஒருவர் எம் அருகில் அமர்ந்திருந்தார். ஹார்மோன் மருந்து முளைத்துவிட்ட தாடியை அகற்றுவதில்லையாதலின், அவரைப் போன்றோர்க்கு மின்னூசி இன்றியமையாதது. தேக்காவுக்கு அணித்தேயுள்ள கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 1971ஆம் ஆண்டிலேயே, இலங்கையிற் பிறந்த தமிழரான டாக்டர் எஸ். எஸ். ரத்னம் சிங்கப்பூரின் முதல் பால்மாற்று அறுவையை நடத்தினார் என்பதை நம்மவரில் எத்தனை பேர் அறிவர்? அந்த அம்மையார் மருமகளின் மோவாயைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, நான் வர ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. ஊசி வலி ஒன்றுமில்லை. இந்தப் படியேறத்தான் ஒரு மாதம் யோசித்தேன்" என்றார். இருவரும் சிரித்தார்கள். பிறகு அவர்கள் எந்தக் களிம்பு நல்லது என்று பேசத் தொடங்கியதும், நாம் வேடிக்கை பார்ப்பவராகிவிட்டோம்.

தை மாதத்தில் ஜோகூரிலிருந்து ஒரு குடும்பத்தார் பெண் பார்க்க வருவதாகச் செய்தி அனுப்பினார்கள். ஊசி வேலை பாதி கூட முடியவில்லை. வேலை முடியும்வரை தள்ளிப் போடலாம் என்றார் தமக்கையார். "முடிகிறபோது முடியட்டும், அம்மா. வருகிறவர்கள் இருக்கிறபடி பார்த்துவிட்டுப் போகட்டும். இதை நான் எனக்காகச் செய்துகொள்கிறேன்" என்றாள் மகள். தமக்கையார் இரண்டு நாள் பேசாதிருந்தார். மூன்றாம் நாள் தாமே அக்குடும்பத்துப் பெரியம்மாளை அழைத்து, வைத்தியர் சொன்னது முதல் ஊசி வரை ஒன்றும் மறையாமல் கூறிவிட்டார். அவர்கள் வருவார்களோ மாட்டார்களோ, இதை எழுதும்வரை பதில் இல்லை. ஆனால் எம் தமக்கையார் தம் வாயால் அதனைச் சொல்லிவிட்டார்.

பெண்ணின் முகத்தில் ரோமம் இருத்தல் குற்றமென்று நாம் கூறவில்லை. வேண்டாமென்று எண்ணுபவர் களைந்துகொள்ளலாம்; இருக்கட்டும் என்பவர் இருத்திக்கொள்ளலாம். இரண்டையும் தீர்மானிக்க வேண்டியவர் அவரே. பெண் பார்க்க வருபவர் அல்லர். தாய்மார்களுக்கு நாம் சொல்லிக்கொள்வது ஒன்றே. உங்கள் மகள் கதவைத் தாழிட்டுக்கொண்டு கண்ணாடி பார்ப்பதைக் கண்டால், மஞ்சளையும் நூலையும் கையிற் கொடுத்துவிட்டு அப்பாற் செல்லாதீர்கள். உங்கள் மோவாயிலும் உங்கள் தாயின் மோவாயிலும் இருந்ததை அவளுக்குச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அவள் கையைப் பிடித்து வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.